மேஜரின் கல்லில் என் பெயர்

என் மனைவியின் பெரியப்பா எழுபத்தோராம் வருஷத்துப் போரில் பதக்கம் வாங்கிய மேஜர். கடலூர் கல்லறைத் தோட்டத்தில் அவர் தலைமாட்டுக் கல் விரிசல் விட்டு, எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் போய்விட்டது.

"நான் கண்ணை மூடறதுக்குள்ள அவரு பேரை ஒருதடவை அங்க படிச்சிடணும்" என்றார் அவர் மனைவி. எனக்கு அத்தை முறை.

"என்கிட்ட விட்டுடுங்க அத்தை" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு நான் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் இருப்பது அண்ணாமலை நகர். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கல்தச்சர் கோயில்களுக்கு உபயக் கல் அடிப்பவர். ஒரு தாளில் மேஜரின் பெயர், பதவி, பதக்கம் எல்லாம் எழுதினேன். சந்தேகம் வந்தால் கூப்பிடட்டும் என்று அடியில் என் பெயரும் போன் நம்பரும். பெயர் எழுதினால் கூடவே பட்டத்தையும் எழுதிவிடும் வியாதி எனக்கு உண்டு.

கல் நட்டு ஜெபம் வைக்க ஒரு நாள் குறித்தோம். அன்று காலை குட்டியானை வண்டியில் கல்லோடு தச்சரையும் ஏற்றிக்கொண்டு கடலூர் போனேன். இறக்கி, சாக்கைப் பிரித்தேன். மேலே சிலுவை, பெயர், பதக்கம், எல்லாம் கச்சிதம். அடியில், மேஜர் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'உபயம்' என்று போட்டு நான். எம்.காம். சகிதம்.

"என்ன மேஸ்திரி இது!"

"உபயதாரர் பேரு இல்லாம கல்லு ஏது சார்? போன் நம்பருக்குத்தான் எடம் பத்தல."

மணி ஒன்பது. பத்துக்கு அத்தை வருவார், கூடவே பழைய பட்டாளத்துக்காரர்கள். எனக்கு வேர்த்து, சட்டை இரண்டு கலரானது. மாலை போட்டு மறைக்கலாமா? ஜெபம் முடியும்வரை கல்லுக்கு முன்னால் நானே மண்டி போட்டுவிட்டால்? தொப்பை இருக்கிறது, மறைக்கும். குண்டு பாய்ந்த இடத்தில் நின்றவரின் கல்லுக்குப் பக்கத்தில் நான் இந்த லட்சணத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் கடப்பாரையை நானே எடுத்தேன். "ஒரு அடி ஜாஸ்தியா தோண்டுங்க."

"உங்க பேரு மண்ணுக்குள்ள போயிடுமே சார்."

"எப்படியும் போற எடம்தானே, தோண்டுங்க."

அத்தை வந்தபோது சிமெண்ட் ஈரம் காயவில்லை. குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு, பெயரைச் சத்தமாகப் படித்தார். பதக்கத்தின் பெயரை இரண்டு தடவை. பிறகு நிமிர்ந்தார்.

"கல்லு கொஞ்சம் குட்டையா இருக்கே, மாப்ளே?"

"கடைக்கால் பலம் அத்தை."

"இருக்கட்டும். அவரும் குட்டைதான்."

பட்டாளத்துக்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். நானும் அடித்தேன். கையிலிருந்த சிமெண்ட் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.