புற்றுமண் போட்ட கன்றுகள்

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எங்களைக் கூலிவேலைக்கு மேற்கே மலையடிவாரத்துக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். கான்டிராக்டர்கள் வெட்டித் தீர்த்த காட்டில் மறுபடி மரம் வைக்கும் வேலை. காடு போனதிலிருந்து எங்கள் ஊர் ஆற்றிலும் தண்ணீர் சரியாக வருவதில்லை. அப்போதிருந்த வனத்துறை அதிகாரி நல்ல மனுஷர். மிச்சக் காட்டில் நாங்கள் பொறுக்கி வந்த வேங்கை, மருது, நாவல் விதைகளையே பையில் போட்டு வளர்க்கச் சொன்னார். குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்து, முதல் மழைக்குச் சரிவில் நட்டோம்.

அவருக்கு மாற்றலாகிப் புதியவர் வந்தார். வந்த கையோடு, இதையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தைலமரம் வையுங்கள், மேலிடத்து உத்தரவு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நட்டவளுக்கு மட்டும் வாயே கிடையாதா?

எங்களோடு வந்த ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சங்கரன்கோவில் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் கூட இருந்தால் பாம்பு அண்டாது என்பது எங்கள் நம்பிக்கை. காட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோருமே அதை முந்தியில் முடிந்து வைத்திருப்போம். நான் முடிச்சை அவிழ்த்து, முதல் வரிசைக் கன்றுகளின் தூரில் தூவினேன்.

"இனி வெட்டுததா இருந்தா வெட்டுங்க அண்ணாச்சி. சாமி மண்ணுலதான் வெட்டணும்."

வெட்டுவார்களா? அந்த மண்ணைத் தெரியாமல் மிதித்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்றப் பெண்களும் முடிச்சை அவிழ்த்தார்கள்.

அதிகாரி தானே குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கி எறிந்தார். எடுத்து அதே குழியில் நட்டேன். மறுபடி பிடுங்கினார். மறுபடி நட்டேன். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று கத்தினார்.

"வேலைக்கு வரல சார். கன்னுக்குத் தண்ணி ஊத்த வாரேன். அதுக்கும் உத்தரவு வேணுமோ?"

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் வேலை போனது போனதுதான். அடுத்த சரிவில் வெளியூர் ஆட்களை வைத்துத் தைலமரம் நட்டார்கள். விஷயம் கேள்விப்பட்ட அவர்களும் எங்கள் சரிவைத் தொடவில்லை. நான் சொன்னபடியே, லாரி இல்லாவிட்டாலும் பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் கோடையில் பாதிக் கன்றுகள் கருகின. மிச்சம் மரமாகி நிற்கின்றன.

அன்று அவர்கள் பயந்தது சாமிக்கா, எனக்கா என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனால் இன்றைக்கும் யாராவது மேலிடத்து உத்தரவு என்று ஆரம்பித்தால், என் கை தானாக முந்தி முடிச்சைத் தேடுகிறது.