மாற்றிச் சொன்னேன்

ஸ்பெயினிலிருந்து அந்த நடனக்காரி சிவகாசிக்கு வந்தபோது எனக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பள்ளி மாணவிகளுக்குப் பரதத்தையும் தன் நாட்டு ஃபிளமெங்கோவையும் கலந்து சொல்லிக்கொடுத்து, ஆறு வாரத்தில் விருதுநகரில் மேடையேற்ற வந்திருந்தாள். அவளுடைய ஆங்கிலத்தைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல ஆள் தேடினார்கள். எனக்கு நடனம் தெரியாது, ஆங்கிலம் தெரியும். சேர்ந்துகொண்டேன்.

எட்டுப் பெண்கள். கல்யாண மண்டபத்தில் பலகை போட்டு ஒத்திகை. ஃபிளமெங்கோ ஷூவின் முனையிலும் குதிகாலிலும் சின்னச் சின்ன ஆணிகள் அடித்திருக்கும். பலகையில் மிதித்தால் மண்டபமே அதிரும். தாயில்பட்டியிலிருந்து வந்த பிளஸ் ஒன் பெண்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். பரதத்தில் தட்டடவு பழகிய கால். சொல்கட்டைக் கைதட்டலோடு சேர்த்து அவள் ஆடியதைப் பார்த்துவிட்டு, நடுவில் வரும் தனி ஆட்டத்தை அவளுக்கே கொடுத்தாள் ஸ்பெயின்காரி. வீட்டில் பழக ஒரு ஜோடி ஷூவையும் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அம்மா பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவர். ஆலையை அங்கே ஆபீஸ் என்பார்கள். எங்களை உட்காரவைத்து, மகளை விட்டுக் கலர் வாங்கிவரச் செய்து கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீக. ஆபீசுக்குள்ள இரும்புச் சாமானே ஆகாது, பொறி பறந்துரும். காலத் தேச்சு நடந்தாலே வைவாக. எந்தங்கச்சி போன வருசம் பக்கத்து ரூம்லதான் வெடிச்சுப் போனா. வீட்டுக்கு வந்தா இவ ஆணிச் செருப்பப் போட்டு மிதிக்கா. எனக்கு ஈரக்குலை நடுங்குது.”

என்ன சொல்கிறார் என்று ஸ்பெயின்காரி கேட்டாள். உண்மையைச் சொன்னால் ஷூவையே ஒதுக்கிவிடுவாள். ஷூ இல்லாமல் நிகழ்ச்சி இல்லை, நிகழ்ச்சி இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அதுதான் மனதில் ஓடியது. பரீட்சை வருகிறதாம், படிப்பு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஸ்பெயின்காரி சிரித்தாள். இதற்கா இவ்வளவு கவலை என்பதுபோல அம்மாவின் தோளைத் தட்டினாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன தங்கையைப் பற்றிச் சொன்னதற்கு ஒருத்தி சிரிக்கிறாள். அவர் எழுந்து உள்ளே போய், ஷூவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

பெண் எங்களோடு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். ஸ்பெயின்காரி சற்று முன்னால் நடந்தபோது என் பக்கம் திரும்பினாள். “எங்கம்மா பரீட்சைன்னு சொல்லவே இல்லையேக்கா” என்றாள்.

அன்று சாயங்காலமே ஸ்பெயின்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் இருவரும் மன்னிப்புக் கேட்கப் போனோம், வீடு பூட்டியிருந்தது. அடுத்த நாள் நான் மட்டும் போய் ஆபீஸ் வேன் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அம்மா இறங்கி, என்னைப் பார்த்தும் பாராமல் நடந்தார். ரோட்டில் ஆட்கள் பார்க்கப் பார்க்கப் பின்னாலேயே ஓடினேன். அவுங்க சிரிச்சது என்னாலதான்க்கா, நாந்தான் மாத்திச் சொன்னேன், வேலை போயிருமோன்னு சொல்லிட்டேன் என்று அழுதேன். ஷூ வேண்டாம், வெறுங்காலோடு ஆடட்டும் என்று கெஞ்சினேன்.

அவர் நின்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைத்திருந்தார்.

“வயித்துப் பொழப்புக்குத்தான சொல்லியிருக்கீக. நானும் அதுக்குத்தான் தெனம் அங்கன போயிட்டு வாரேன். எம்பிள்ளைய விட்டுருங்க.”

விருதுநகரில் ஏழு பேர் ஆடினார்கள். தனி ஆட்டத்தை ஸ்பெயின்காரி நீக்கிவிட்டாள். பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது, நன்றாகவே கைதட்டினார்கள். ஊருக்குக் கிளம்பும்வரை அவள் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அந்தப் பெண் இப்போது ஆடுகிறாளா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டாளா, தெரியாது. மற்றப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு முகமில்லை.