யன்னலோர மேசையிலை முருங்கைக்காய்ச் சக்கை

பேய் பிசாசு எண்டு ஆராவது கதைச்சா எழும்பிப் போற ஆள் நான். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், ஊர் அச்சுவேலி, வீட்டிலை உந்தக் கதையளுக்கு இடமே இல்லை. நீங்கள் சிரிப்பியள் எண்டும் தெரியும், சிரியுங்கோ. எனக்கு ஒத்துவராதது எச்சில்தான். பெத்த மகள் மிச்சம் விட்டதைக்கூட நான் வாயிலை வைச்சதில்லை.

காங்கேசன்துறைக்குக் கிட்ட, கனடாவிலை இருந்து வந்த ஒருத்தர் பழைய றெயில் பெட்டி ஒண்டை வாங்கித் தன்ரை காணிக்குள்ளை நிப்பாட்டிச் சாப்பாட்டுக்கடை ஆக்கினவர். பெட்டிக்குப் பின்னாலை குசினி, சமையலும் மேசை துடைக்கிறதும் நான். என்ரை மனுசன் செத்தாப்பிறகு எனக்குச் சோறு போடுறது அந்த வேலைதான்.

கடை திறந்து கொஞ்ச நாளிலை, கடைசி யன்னலோர மேசையிலை தொடங்கினது. ஆராவது தனிய வந்து இருந்து சாப்பிட்டா, முன்னாலை வெறும் இருக்கைப் பக்கம், மேசையிலை, சப்பித் துப்பின முருங்கைக்காய்ச் சக்கை கிடக்கும். நார் நாரா, எச்சில் ஊறி, சீ. துடைச்சிட்டுத் திரும்பினா மறுபடியும் கிடக்கும். முருங்கைக்காய் சமைக்காத நாளிலையும் கிடக்கும் எண்டா நம்புவியளே? ஒரு வாத்தியார் சாப்பாட்டை அப்பிடியே விட்டிட்டு வெளியிலை போய்ச் சத்தி எடுத்தவர். முதலாளி கூப்பிட்டு, "அக்கா, மேசை துடைக்கத் தெரியாட்டி வீட்டிலை இருங்கோ, இன்னொருக்கா நடந்தா வரவேண்டாம்" எண்டார்.

எனக்கு வந்த விசர். அடுத்தநாள் காலமை, ஆக்கள் வர முந்தி, மேசையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சிட்டு, சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு நானே போய் அதிலை இருந்தன், ஆர் கொண்டந்து போடினம் எண்டு பாப்பம் எண்டு. சோத்திலை கை வைக்கேக்கை வாய் தன்ரைபாட்டிலை சொல்லிப்போட்டுது, "சாப்பிடுவம், வாங்கோ" எண்டு. கொழும்புக்குப் போகேக்கை றெயிலிலை பார்சலை அவிழ்த்தா முன்னாலை இருக்கிற ஆளைக் கேட்டிட்டுத்தானே நாங்கள் சாப்பிடுறது, அந்தப் பழக்கம். அந்த இருக்கையையும் யன்னலையும் பாத்த உடனை வந்திட்டுது.

முன்னாலை ஒருதரும் இல்லை. ஆனா அந்த இருக்கையின்ரை மெத்தை, இருந்த ஆள் எழும்பின மாதிரி, மெல்ல மேலை வந்தது. நான் சோத்துக் கோப்பையை விட்டிட்டு ஓடினன்.

அண்டையோடை அந்த மேசை சுத்தம். "பாத்தியளே அக்கா, வடிவாத் துடைச்சாச் சரி" எண்டார் முதலாளி. வேலை தப்பிச்சுது, இப்பவும் அங்கைதான் சமைக்கிறன்.

மகள் கலியாணம் முடிச்சு வவுனியாவிலை, வீட்டிலை நான் தனிய. முருங்கைக்காய் வாங்கிறதை விட்டிட்டன், வளவிலை நிண்ட மரத்தையும் தறிப்பிச்சுப்போட்டன். எண்டாலும் சாப்பிட்டிட்டு நிமிந்தா, எனக்கு நேர் முன்னாலை, மேசையிலை சக்கை கிடக்கும். நேற்றும் கிடந்தது. நானேதானே கூப்பிட்டனான், ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? பேப்பராலை பிடிச்சுத்தான் எடுத்துக் கொட்டுறனான், பேப்பருக்குள்ளாலையும் இப்பதான் வாயிலை இருந்து துப்பின சூடு தெரியும்.