ஒவ்வொரு விரலாக

எண்பதுகளில் காரைக்கால் கடைத்தெரு லேபில் இருந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். சோதனை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுத்தான் முடிவைச் சொல்வார். குழந்தைக்காகத் தஞ்சாவூர் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட அந்த வருடத்தில், மூன்று முறை சிறுநீர்ப் புட்டியோடு போய் அந்தப் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று முறையும் தணிந்த குரலில் "இல்லைம்மா" என்றார்.

நான்காம் முறை மாமியாரும் கூட வந்தார். பெஞ்சில் இருந்த எல்லாரிடமும் "இந்தத் தடவை நிச்சயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. லேப்காரர் விரல்களைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்ன தம்பி, நல்ல சேதிதானே?" என்றார் மாமியார்.

லேப்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"டெஸ்ட் மருந்து தீந்து போச்சும்மா. திங்கக்கிழமை வாங்க."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கோவில்பத்து வீடு வரைக்கும் மாமியார் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விலக்கானது. கொல்லைப்புறத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது: மருந்து இல்லையென்றால், அவர் எதற்காகக் கை கழுவினார்?