திரை பூட்டியிருந்த நேரங்கள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் எனக்கு வேலை. சன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, ஏ.சி. போட்டு, இரண்டு திரைகளுக்கு முன்னால் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் சாப்பிடும் மெஸ்ஸின் உரிமையாளர் ஒருநாள், "இன்னா வேலை சார் பாக்கிறீங்க?" என்று கேட்டார். "கம்ப்யூட்டரெல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கற வேலைங்க" என்றேன். "ஓடலைன்னா ரிப்பேர் பண்ணுவீங்களா?" "இல்லைங்க. ஓடலைன்னு எழுதி அனுப்புவேன்." அவர் சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

சான்றிதழ் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் சேவை மையங்களை ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்திக்கொண்டிருந்தது. சமவெளியிலும் கல்வராயன் மலையிலுமாக நாற்பதுக்குப் பக்கம் மையங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு நடப்பதையெல்லாம் தானே குறித்து வைத்துக்கொள்ளும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது கரண்ட் போனது, எப்போது பிரிண்டர் மக்கர் செய்தது, எல்லாமே அதில் இருக்கும். அந்தக் குறிப்புகளை ஒரு மென்பொருள் இழுத்து வந்து என் திரையில் வரிவரியாகக் கொட்டும். நல்லதென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், கெட்டதென்றால் சிவப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நான் அதைப் பார்க்க வேண்டும். பேச வேண்டிய அவசியம் யாரோடும் கிடையாது. என் ஊர் ரிஷிவந்தியம் பக்கம். அங்கே எனக்குப் பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை மெஸ்ஸில் "ரெண்டு இட்லி" என்று சொல்லும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்கும்.

மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மையம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பெண். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஐந்து இலக்க எண்ணாகத்தான். மற்ற மையங்கள் ஒன்பதரைக்கும் பத்துக்கும் மெதுவாக விழித்துக்கொள்ள, அந்த எண் மட்டும் ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே வந்துவிடும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது திரையில் அந்த ஒரே ஒரு பச்சை வரி இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்காகவே யாரோ முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருப்பதாகத் தோன்றும். ஒருநாள் அந்த வரி வருவதற்குப் பத்து மணி ஆகிவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. மலைமேல் மழையோ, காய்ச்சலோ என்று கவலைப்பட்டுக்கொண்டு இருப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது.

பிறகு மஞ்சள் வரிகள் வர ஆரம்பித்தன. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகத் திரையைப் பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் ஒரு வரி, திறந்ததும் ஒரு வரி. அந்த மையத்தில் திரை பூட்டிக்கொண்டது, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது, மறுபடியும் பூட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. மற்ற மலை மையங்களில் விண்ணப்பமே அபூர்வம்; அங்கெல்லாம் பூட்டிய திரை பூட்டியபடியே கிடக்கும். ஆள் சீட்டில் இல்லை என்றுதான் நான் படித்தேன். வெளியே போய் யாரோடோ அரட்டை அடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வார், கேட்பானேன் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். ஆனால் அன்று வந்தது வேலை பார்ப்பவனின் கோபம் இல்லை. என்னோடு உட்கார்ந்திருந்தவர் என்னை விட்டுவிட்டு எழுந்து போய்விட்ட மாதிரி ஒரு கோபம். எனக்கு என்ன உரிமை என்று அப்போது யோசிக்கவில்லை.

மாத அறிக்கையில் எழுதினேன்: "பணி நேரத்தில் அடிக்கடி இருக்கையில் இல்லை." இரண்டு வாரத்துப் பூட்டுக் கணக்கை அட்டவணையாகப் போட்டுச் சேர்த்தேன். அட்டவணை அழகாக வந்திருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன். பத்து நாளில் அந்த எண்ணை நீக்கிவிட்டதாக மெயில் வந்தது. மறுநாள் காலை என் திரையில் முதல் வரி ஒன்பதே முக்காலுக்கு, திருக்கோவிலூரிலிருந்து வந்தது. முக்கால் மணி நேரம் காலியான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலை மையம் மூடியே கிடந்தது. புது ஆள் கிடைக்கும்வரை வாரத்தில் ஒரு நாளாவது திறக்க வேண்டும், நீங்களே போங்கள் என்று மேனேஜர் போனில் சொன்னார். காலை பஸ்ஸில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போதே என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மையத்தில் இறங்கியபோது ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் கேபிள் வழியாக நெட் வந்துகொண்டிருந்தது.

ஓர் அம்மா மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்று கேட்டு வந்திருந்தார். மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்தவர், கையில் மண் காயவில்லை. விவரங்களையெல்லாம் ஏற்றினேன். கடைசியில் அவருடைய போனுக்கு ஓ.டி.பி. வரும், அந்த எண்ணைப் போட்டால்தான் விண்ணப்பம் போகும். அனுப்பு என்று அழுத்தினேன். அவர் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "பாறைக்குப் போங்க சார்" என்றார்.

"எந்தப் பாறைக்கு?"

"இங்க எங்க சார் டவர் கெடைக்கும்? அதோ அந்த மேட்டு மேல பாறை இருக்குதில்ல, அங்க நின்னாத்தான் மெசேஜ் வரும். இங்கிலீஷ்ல வருது, எது நம்பருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? அந்தப் பொண்ணுதான் போய்ப் பாத்துக்கினு வந்து போடும்."

ஏறினேன். எனக்கு மூச்சு வாங்கியது. பாறைமேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமி ஆடுபவன் மாதிரி நாலு பக்கமும் திரும்பினேன். மெசேஜ் வந்தது. பத்து நிமிடம்தான் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது. சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து பார்த்தால், திரை பூட்டிக்கொண்டிருந்தது.

அட்டவணையில் நான் போட்ட அதே பூட்டு. கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து, திரும்ப அடித்து உள்ளே போவதற்குள் ஓ.டி.பி. காலாவதி. இரண்டாவது முறை ஏறியபோதுதான் காரியம் ஆனது. நான் இரைப்பதைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. "அது செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஒரே ஓட்டமா ஓடும் சார். ஒரே தடவைல முடிச்சிடும். இன்னாத்துக்கு சார் அத்த நிறுத்திட்டாங்க?"

தெரியாது என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து, என் வேலையில் சேராத இன்னொரு பதிவை, விண்ணப்பங்களின் பதிவைத் திறந்தேன். ஓ.டி.பி. கேட்ட நேரங்களும் திரை பூட்டிய நேரங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கேட்டது, ஐந்து நிமிடத்தில் பூட்டியது, எட்டு நிமிடத்தில் திறந்தது, விண்ணப்பம் போனது. நான் போட்ட அட்டவணையில் இருந்த ஒவ்வொரு பூட்டும் யாரோ ஒருவருடைய சான்றிதழ். ஓ.டி.பி. கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்த மாதத்தில்தான் மஞ்சள் வரிகளும் ஆரம்பித்திருந்தன. அந்தச் சுற்றறிக்கையை எல்லா மையங்களுக்கும் அனுப்பி வைத்தவனே நான்தான்.

மேனேஜருக்கு எழுதினேன். "நீங்கதானே சார் போன மாசம் ரிப்போர்ட் குடுத்தீங்க?" என்றார். ஆமாம், தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நச்சரித்தேன். என் வாழ்க்கையில் இன்னொருவருக்காக நான் அத்தனை போன் பேசியது அதுதான் முதல் தடவை. மழைக்காலம் முடிந்த பிறகு, மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. விசாரித்ததில், அவர் தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து கச்சிராயபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்பதாகச் சொன்னார்கள்.

போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான பெண். பஸ்ஸில் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. நான் இன்னார், அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான் என்றேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு நின்றபடியே முழுதாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாங்க சார். மறுபடியும் யாரு இன்னா எழுதுவாங்களோன்னு பயந்துக்கினே இருக்க என்னால முடியாது."

இனிமேல் அப்படி நடக்காது என்றேன். எனக்கே அது காலணாவுக்குப் பெறாத பேச்சாகக் கேட்டது.

அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "டிரெய்னிங்ல சொன்னாங்க சார், கள்ளக்குறிச்சில ஒருத்தர் உக்காந்துகினு எல்லாத்தையும் பாத்துக்கினே இருப்பாருன்னு. மத்தவங்கள்லாம் பயந்தாங்க. எனக்குப் பயமில்ல. அங்க நான் ஒண்டியாத்தானே இருப்பேன்? யாரோ ஒருத்தர் பாத்துக்கினு இருக்காரேன்னு ஒரு தைரியமா இருந்துச்சு." தாள் கட்டைத் தட்டி அடுக்கிவிட்டுச் சொன்னார். "நான் ஓடுறது உங்களுக்குத் தெரியும்னுதான் சார் நெனச்சுக்கினு இருந்தேன்."

அதற்குள் ஒருவர் வந்து ரேஷன் கார்டில் இரண்டு காப்பி கேட்டார். அந்தப் பெண் மிஷினைப் போட்டார். நான் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றேன்.