தேருக்குப் பூப் போடப் போன ஹெலிகொப்டர்

போன வாரம் நம்முடைய ட்ரோன் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, லீவுக்கு நோர்வூட் பக்கம் போறோம். அங்க பறக்க விடலாமா? காத்து எப்படி இருக்கும்?" இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை. ஏனென்றால் ட்ரோன் என்ற சொல்லே நம் காதில் விழாத காலத்தில் நான் அங்கே ஒரு ஹெலிகொப்டரைப் பறக்க விட்டிருக்கிறேன். ரேடியோவில் ஓடும் ஹெலிகொப்டர், அதுவும் ஒரு தேர்த் திருவிழாவில்!

எண்பதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். நான் டிக்கோயாக்காரன். அப்போது கொழும்பில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை. என்னோடு அதே மேசையில் வேலை செய்தவன் செல்வராஜ், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் மூலம் எங்கள் கைக்கு ஒரு பழைய ஹெலிகொப்டர் பெட்டி வந்து சேர்ந்தது. விசிறியின் நீளம் நான்கு அடிக்கு மேல். செய்முறைப் புத்தகம் முழுக்க ஜெர்மன் மொழி. படத்தைப் பார்த்துப் பார்த்தே பூட்டினோம். முகத்துவாரம் கடற்கரை மணலில் ஞாயிறு தோறும் விழுந்து விழுந்து பழகினோம். (விழுந்தது ஹெலிகொப்டர்தான். ஆனால் வலித்தது எங்களுக்கு.) ஒரு வருடத்தில் அரை ராத்தல், அதாவது ஏறக்குறைய கால் கிலோ மணலைப் பையில் கட்டித் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பெருமையில் செல்வராஜ் தன் அண்ணன் மணியத்திடம், "ஆத்தா தேருக்கு ஆகாசத்துல இருந்து பூப் போடலாம்ணே" என்று சொல்லிவிட்டான். மணியம் அண்ணன் மேக்கணக்குக்காரர். மலையகத் தோட்டங்களில் ஒவ்வொரு பிரிவையும் ஒரு 'கணக்கு' என்பார்கள். மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது கீக்கணக்கு. இரண்டுக்கும் ஒரே மாரியம்மன் கோயில், ஒரே தேர். அந்த வருடத் திருவிழாப் பொறுப்பு அண்ணனுடையது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹட்டனிலிருந்து வழக்கமாக வரும் நாதஸ்வர மேளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இந்த வருசம் ஹெலிகொப்டர்" என்று கோயில் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறினோம். அவிசாவளை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்குச் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். ஆளுக்கு ஒரு டிக்கட், மடியில் படுத்திருந்த ஹெலிகொப்டருக்கு அரை டிக்கட். கொண்டக்டர் அதைப் பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

கினிகத்தேனையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினார்கள். அங்கேதான் கொண்டக்டருக்கு எங்கள் காலடியில் இருந்த கேனின் வாசம் பிடித்தது. அது எஞ்சினுக்கான எரிபொருள். மெதனோலும் விளக்கெண்ணெயும் கலந்தது.

"மே மொகத்த மல்லி? கசிப்புத?" என்றார். இது என்ன தம்பி, கள்ளச்சாராயமா என்று கேள்வி. முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ இல்லீங்க ஐயா, எஞ்சினுக்கு ஊத்துறது" என்றான் செல்வராஜ், பாதி சிங்களத்திலும் பாதி கையிலும். அவர் நம்பவில்லை. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். அடுத்த நொடி, "அம்மோ! எண்டரு தெல்!" என்று இரண்டடி பின்னால் பாய்ந்தார். எண்டரு தெல் என்றால் விளக்கெண்ணெய். சின்ன வயதில் மாதம் ஒரு கரண்டி வாயில் ஊற்றப்பட்ட யாரும் அந்த வாசத்தை மறக்க மாட்டார்கள். ஹட்டன் வரைக்கும் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

பதினொன்றரைக்கு ஹட்டன். அங்கிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், இன்னொரு பஸ். நோர்வூட் கடைத்தெருவில் இறங்கித் தோட்டம் வரை முக்கால் மணி நேர ஏற்றம். பெட்டியைப் பல்லக்கு மாதிரி முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு நடந்தோம். என் வீட்டைத் தாண்டித்தான் பஸ் போனது. இறங்கி அம்மாவைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பைத்தியம்.

மாலை நான்கு மணிக்குப் பந்து விளையாடும் மைதானத்தில் ஒத்திகை. இரண்டு கணக்குச் சனமும் மேட்டில் உட்கார்ந்திருந்தது. நிஜ ஹெலிகொப்டர் வரும் என்று நினைத்தவர்களும் இருந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் கீக்கணக்குத் தலைவர் பழனியாண்டி எழுந்து நின்று பார்த்தார்.

"ஏன்யா மணியம், இதுக்கா மேளத்த வேணாம்ன? தும்பியில்ல பிடிச்சாந்திருக்கான் ஒன் தம்பி!"

சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது. மணியம் அண்ணன் முன்னால் வந்தார். புது வண்டிக்குச் செய்வது போல ஹெலிகொப்டருக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, முன்னால் ஒரு கல்லில் சூடம் கொளுத்தினார். "இப்ப எடு தம்பி" என்றார்.

கயிறு சுற்றி இழுத்தேன். எஞ்சின் பிடித்தது. விசிறி சுற்றத் தொடங்கியதும் அந்தக் காற்றில் சூடம் பட்டென்று அணைந்துவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. சாமிக்கு ஏற்றிய சூடம் தானாக எரிந்து முடிய வேண்டும். இடையில் அணைவது நல்லதில்லை. போதாக்குறைக்குப் பூப்பையோடு ஹெலிகொப்டர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, தள்ளாடி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஊசியைத் திருகி எரிபொருளைக் குறைத்துப் பார்த்தேன். இடுப்பு உயரம் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

கடற்கரையில் சரிபார்த்த எஞ்சினை நாலாயிரம் அடி மலைக்கு அப்படியே தூக்கி வந்ததுதான் தவறு. மேலே காற்று மெலிசு. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், விசிறிக்கும் பிடி கிடைக்காது. பிறந்து வளர்ந்த மலை. ஆனால் அதன் காற்றைப் பற்றி நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீட்டின் முன்னால், மணியம் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லெச்சுமி அண்ணி வெறுந்தேத்தண்ணியும் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்தார்.

"தாழ்வா போனா ஆத்தா சூடம் அணைஞ்சிரும். ஒசர போனா இது பூவத் தூக்காது. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தேர் முன்னால நடக்கிறது?" என்றார் அண்ணன்.

"மேளத்துக்கு ஆளனுப்பலாமாண்ணே?" என்றான் செல்வராஜ் மெதுவாக.

"அவங்க வேற தோட்டத்துக்கு வாக்குக் குடுத்துட்டாங்கடா."

தேர் எந்த வழியாக வரும் என்று கேட்டேன். கோயிலிலிருந்து இறங்கி, கொழுந்து மடுவத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் நின்று தீபாராதனை என்றார்கள். கொழுந்து மடுவம் என்பது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. அது மேட்டில், சிமெந்து முற்றத்தோடு இருந்தது. முற்றத்துக்கும் வளைவுக்கும் நடுவில் சரிவு முழுக்கத் தேயிலை.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஹெலிகொப்டர் ஏன் மேலே ஏற வேண்டும்? நாம்தான் ஏற்கெனவே மேலே இருக்கிறோமே! முற்றத்திலிருந்து இடுப்பு உயரம் எழுந்தால் போதும். அப்படியே சரிவுக்கு மேலே வெளியே போனால் கீழே இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும். இறங்குவதற்கு ஐம்பது அடி இருக்கிறது. பூவைப் போட்டால் பாரம் குறைந்து தானாகத் திரும்பி ஏறும். தேருக்கு நேர் மேலே போகவும் வேண்டாம். காலையில் மேட்டிலிருந்து காற்று இறங்கி வரும். தேயிலைக்கு மேலேயே ஒதுங்கி நின்று போட்டால் காற்று பூவைத் தேருக்குக் கொண்டுபோகும். சூடமும் அணையாது.

"காத்து வரலேன்னா?" என்றான் செல்வராஜ்.

"பூ தேயிலையில விழும். ஆள் தலையில ஹெலிகொப்டர் விழுறதுக்கு அது பரவால்ல."

"கோழிக்கூட்டுக்கு மேல பறக்காம இருந்தாச் சரி" என்றார் அண்ணி. "நீங்க எஞ்சின் சத்தம் போட்டதுல இருந்து ஒன்னும் முட்டையிடல."

விடிந்ததும் பாரத்தைக் குறைக்க செல்வராஜ் ஹெலிகொப்டரின் மூக்குக் கூட்டைக் கழற்றினான். மூன்று வாரம் உட்கார்ந்து சிவப்பும் மஞ்சளுமாக அவனே வர்ணம் பூசியது. அதைக் கழற்றியதும் எலும்புக்கூடு மாதிரி ஆகிவிட்டது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் செவ்வந்தியைக் காம்பில்லாமல் இதழ் இதழாக உதிர்த்து, அடுப்புப் பக்கம் சாக்கில் பரப்பிப் பனி ஈரம் உலர வைத்தார்கள்.

"நல்லாக் காய வைங்கடி. ஈரம் இருந்தா சூசைத் தம்பி தண்ணிக்கு ரெண்டு ராத்தல் வெட்டிருவாரு" என்று அண்ணி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சூசை நான்தான். எனக்கும் புரிந்தது. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று சொல்லி நிறுவையில் கழிப்பார்கள், கூலியும் குறையும். கொழுந்தை நிறுத்துக் குறிக்கும் அந்தக் கணக்கப்பிள்ளை வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார் அண்ணி.

பத்து மணிக்குத் தேர் வளைவுக்கு வந்தது. மேளம் இல்லாத தேர். தப்புப் பறை மட்டும் முழங்கியது. கீழே மணியம் அண்ணன் வெள்ளை வேட்டியோடு தேர் முன்னால் நின்று அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார்.

ஹெலிகொப்டர் எழுந்தது. இடுப்பு உயரம். முற்றத்து விளிம்பைத் தாண்டியதும் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. பத்தடி, இருபதடி. "சூசை, போடுடா, போடு!" என்று செல்வராஜ் என் காதில் கத்தினான். தேயிலைச் செடியின் தலை தெரியும் உயரத்தில் விசையைத் தட்டினேன். பூப்பை திறந்தது. மஞ்சள் புகை மாதிரி இதழ்கள் விரிந்தன. அதே நொடியில் ஹெலிகொப்டர் மூச்சு விட்டது போலக் குதித்து மேலே வந்தது. எத்தனையோ முறை பறக்க விட்டிருக்கிறேன். பாரத்தை இறக்கிவைத்த ஒன்று அப்படி எழுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் காற்று நின்றுவிட்டது. ஆமாம், சரியாக அப்போது! இதழ்கள் சுற்றிச் சுற்றித் தேயிலை மேலேயே இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணனின் கைகள் கூப்பியபடியே கீழே தாழ்வது தெரிந்தது. பிறகு மேட்டிலிருந்து ஒரு சின்னக் காற்று. கடைசியாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பங்கு மட்டும் திரும்பி, சாலையைக் கடந்து, தேர்க் குடையிலும் சனத்தின் தலையிலும் விழுந்தது. இரண்டு கைப்பிடி இருந்தாலே அதிகம். சூடம் எரிந்துகொண்டே இருந்தது.

"ஆத்தா!" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு தப்பின் சத்தத்தில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. பழனியாண்டி தன் தோளில் கிடந்த ஒரு இதழை எடுத்துப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மணியம், அடுத்த வருசம் மேளத்தையும் சொல்லிருய்யா" என்றார். "ரெண்டும் இருக்கட்டும்."

குழுவில் கேட்ட தம்பிக்கு இனி என் பதில். கொழும்பில் தூக்கும் பாரத்தை ஹட்டனில் தூக்கும் என்று நம்பாதீர்கள், உங்கள் ட்ரோனுக்கும் அதே மெலிசுக் காற்றுதான். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பறக்க விடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி சொல்லாமல் வரும். திரையில் காட்டும் உயரம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கணக்கு. மேட்டுப் பக்கம் ஓட்டினால் தரை எழுந்து வந்து முட்டும். அரசாங்க அனுமதியும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் எடுங்கள். சனத்துக்கு மேலே ஒருபோதும் வேண்டாம். தேயிலைக்குள் விழுந்தால் நீங்களாக இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள், அட்டையும் விடாது. அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸுக்குப் புறப்படும் முன் பெட்டியைக் கட்ட மடுவத்துக்குப் போனேன். காலை நிறுவை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவில்தான் அன்றைக்குக் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். அண்ணியின் கூடையைக் கொட்டியதும் பச்சைக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகச் செவ்வந்தி இதழ்கள். கணக்கப்பிள்ளை இரண்டை எடுத்துக் காட்டி, "குப்பை கலந்திருக்கு, ஒரு ராத்தல் கழிச்சிருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லாக் கூடையிலும் மஞ்சள் தெரிந்தது.

நான் வாயெடுப்பதற்குள் அண்ணி கண்ணைக் காட்டி என்னை அடக்கினார். கூடையை முதுகுக்கு மாற்றிக்கொண்டே என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"ஒங்க தும்பி எறக்கி வச்ச பாரந்தான் தம்பி. இங்கதானே வந்து சேரும்."

சிரித்தபடியேதான் சொன்னார். திரும்பவும் மலைக்கு ஏறிப் போய்விட்டார்.