எலுமிச்சம்பழத்துக்குச் சாகாத பூதம்

தான் எழுதிய பூதங்களில் ஒன்றைக்கூட டோரதிக்குப் பிடிக்காது. மாதம் ஒன்று வீதம் பெற்றுப் போட்டால் எதைத்தான் பிடிக்கும்? எல்லாவற்றுக்கும் சிவந்த கண், எல்லாவற்றுக்கும் நீள நகம். பாழடைந்த பங்களா இல்லாவிட்டால் ஒன்றுக்கும் குடியிருக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பெண் தனியாக வந்து மாட்டினால் சட்டென்று பிடித்துத் தின்போம் என்றில்லை. நின்று இரண்டு பக்கத்துக்குச் சிரிக்கும். அதற்குள் அவள் ஓடிவிடுவாள். இந்த லட்சணத்தில் அதற்குப் பெயர் ரத்த ராட்சசன்.

டோரதி பாலக்கரைக்காரி. கன்டோன்மெண்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டவர்களுக்குக் காரணமும் சொல்லவில்லை. பகலெல்லாம் பங்காளிச் சண்டைகளை டைப் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து காபி குடித்த கையோடு பூதம் எழுத உட்காருவாள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆரம்பித்த வேலை. பெரிய கடை வீதிப் பக்கம் அச்சகம் வைத்திருந்த நல்லுசாமி, ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கென்று போட்ட மாத நாவல்கள் முக்கால்வாசி அவள் எழுதியவைதான்.

நல்லுசாமிக்கு இலக்கியக் கொள்கை ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்தில் பூதம் சாக வேண்டும், அதுவும் சாமி பொருளால் சாக வேண்டும். விபூதி, வேப்பிலை, எலுமிச்சம்பழம், சிலுவை, எதுவானாலும் சரி. நூறு பக்கம் ஊரையே உலுக்கிய ஜந்து, ஊறுகாய்க்கு வாங்கிய பழத்தைப் பார்த்துப் புகையாகிப் போகும். இதை எழுதும்போதெல்லாம் டோரதிக்கு வெட்கமாக இருக்கும். பதினைந்து வயசுப் பிள்ளைகளை இவ்வளவு மடையர்கள் என்று நினைக்க இந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று பொருமுவாள். பொருமிவிட்டு எழுதியும் கொடுப்பாள்.

எழுபத்தொன்பதில் ஒரு பூதம் அவளுக்குப் பிடித்துப்போனது. அதற்குக் கண்ணுமில்லை, நகமுமில்லை. முக்கொம்பில் ஆற்றுக்கு அடியில் ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருக்கும், சிரிக்கவே சிரிக்காது. பிக்னிக் வந்த பிள்ளைகளில் ஒன்று குறையும், அவ்வளவுதான். கடைசியில் வீராயி என்ற பெண் வெள்ளத்தில் குதித்து, அதைத் தன் பின்னால் துரத்தி வரச் செய்கிறாள். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நடுவிலிருக்கும் கரையைப் பிடித்துக்கொள்கிறாள். வந்த வேகத்தில் பூதம் இரண்டாகக் கிழிந்து, பாதி காவிரியிலும் பாதி கொள்ளிடத்திலும் போய்விடுகிறது. சாகவில்லை. தன் மற்றப் பாதியைத் தேடிக்கொண்டே போகிறது.

இந்த முடிவு ஒன்றாவது எழுதியபடி அச்சாக வேண்டும் என்று டோரதி ஆசைப்பட்டாள். ஆறு வருஷத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நல்லுசாமி படித்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கும்மா. சாமி எங்க?" என்றார்.

"சாமி இதுல இல்ல சார். அந்தப் பொண்ணுக்கு மூளை இருக்கு."

"அதை வச்சு என்ன பண்றது? சரி, போங்க, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். புத்தகம் வந்ததும் டோரதி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அரைமணி நேரமாக வெள்ளத்தில் நீந்திக்கொண்டிருந்த வீராயி, தாவணி முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து எறிகிறாள். பூதம் புகையாகிறது. போதாததற்கு, கோயில் திருவிழாக் கடைகளுக்கு இந்த முடிவும், மாதா கோயில் திருவிழாக் கடைகளுக்குச் சிலுவை முடிவுமாக இரண்டு விதமாக அச்சடித்திருந்தார் மனுஷன். அதிலும் கூத்து என்னவென்றால், கட்டுகள் மாறிப்போயின. எலுமிச்சம்பழம் மாதா கோயிலுக்கும், சிலுவை சமயபுரத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

நல்லுசாமி பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தார். ஒருவரும் வரவில்லை. ஒரு கார்டுகூட வரவில்லை. புத்தகமோ தீர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்று டோரதியிடம் பெருமையடித்துக்கொண்டார். "கடைசிப் பக்கத்தை எவனும் மதிக்கறதே இல்ல. நீங்கதான் அதைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"அப்ப என்னோடதையே போட்டிருக்கலாமே சார். மதிக்காததுக்கு எதுக்கு ரெண்டு விதமா அடிச்சீங்க?"

நல்லுசாமி உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார். மறு அச்சில் டோரதியின் முடிவே அச்சானது. மனம் மாறியதால் ஒன்றுமில்லை. எந்தக் கடைக்கும் பொருந்துகிற ஒரே முடிவென்றால் அச்சுக்கோக்கிற வேலை குறையும், அதற்காக.

இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. டோரதிக்கு இத்தனை வருஷத்தில் வந்த முதல் வாசகர் கடிதம். எழுதியவள் மயிலம்மாள், ஒன்பதாம் வகுப்பு, கொள்ளிடக் கரையில் ஏதோ ஒரு ஊர்.

"எங்க வீட்டுக்கு ஆத்துலதான் தண்ணி எடுக்கணும். நாலு நாளா நான் போகலை. அம்மா அடிச்சாங்க, அப்பவும் போகலை. எலுமிச்சம்பழம் கொண்டு போனாப் போதும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. அந்தப் பூதம் அதுக்கெல்லாம் சாகாதுன்னு எனக்குத் தெரியும். வாய் இருக்கற பாதி எந்த ஆத்துல போச்சுன்னு மட்டும் தயவுசெஞ்சு எழுதுங்க."

டோரதி அதை மூன்று தடவை படித்தாள். பாவம், பச்சைப் பிள்ளை, காவிரியில்தான் போனது என்று எழுதிவிட்டால் நிம்மதியாகத் தண்ணீர் எடுக்கும். அப்படி எழுதுவதுதான் நியாயம் என்று அவளுக்கும் தெரிந்தது. மடையர்களுக்குத்தான் ஆறுதல் எழுத வேண்டும், இவளுக்கு வேண்டாம் என்றும் தோன்றியது. ஒரு கார்டை எடுத்து, "கொள்ளிடம்தான். நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று எனக்கு எழுது" என்று எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.